டொரன்டோவில் இருப்பவரும் ஜெயிக்கக்கூடிய மாம்பழ ஆட்டம்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். நீங்களும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து பிரவுசரில் ஓடும் ஒரு சின்ன விளையாட்டு செய்திருக்கிறீர்கள். ஓர் அறையில் எட்டுப் பேர் சேரலாம். திரையில் எங்காவது ஒரு மாம்பழம் தோன்றும், முதலில் தொட்டவருக்கு ஒரு புள்ளி. மொத்தம் 20 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் யாராவது ஒருவருக்கு மட்டும் அது தங்கப் பழமாகத் தெரியும், அவர் பறித்தால் இரட்டைப் புள்ளி. சர்வர் மும்பையில் இருக்கிறது. ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களும் லண்டன், டொரன்டோவில் இருப்பவர்களும் சனிக்கிழமைகளில் சேர்ந்து ஆடுகிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஜெயிப்பதே இல்லை என்பது ஒரு புகார். தங்கப் பழம் சிலருக்கு வருவதே இல்லை என்பது இன்னொன்று. விளையாட்டின் புரோகிராம் கோடில் எதை மாற்றினால் ஆட்டம் நியாயமாகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோடுக்குப் போவதற்கு முன் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். எந்த வித்தியாசம் ஜெயிக்கலாம், எந்த வித்தியாசம் ஜெயிக்கக் கூடாது? கண் கூர்மை, கை வேகம், கவனம் ஆகியவற்றில் ஒருவருக்கொருவர் இருக்கும் வித்தியாசம் ஜெயிக்கலாம், அதற்காகத்தான் ஆடுகிறோம். வீட்டுக்கும் மும்பைக்கும் இடையே இருக்கும் தூரம், போனின் விலை, அறையில் யார் முதலில் நுழைந்தார் என்பதெல்லாம் ஜெயிக்கக் கூடாது. இந்தப் பட்டியலை நீங்கள் மூவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளுக்குச் சர்வர் எழுதுவதுதான் பல வருடங்களாக என் பிழைப்பு. இந்தத் தாள் இல்லாமல் தொடங்கிய ஒவ்வொரு முறையும் ஒருவருடைய புகாரைத் தீர்க்கப் போய் இன்னொருவருக்கு அநியாயம் செய்திருக்கிறோம்.

தூரத்தை எடுத்துக்கொள்வோம். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, இயற்பியல்தான். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அப்படியானால் 1,000 கிலோமீட்டர் போய் வர 10 மில்லி விநாடி. மும்பையிலிருந்து சென்னை நேர்க்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர், லண்டன் 7,200, டொரன்டோ 12,500. கேபிள் நேர்க்கோட்டில் போனால்கூட லண்டனுக்குப் போய் வர 72 மில்லி விநாடி, டொரன்டோவுக்கு 125. ஆனால் கேபிள் கடலைச் சுற்றி, நாடுகளைச் சுற்றிப் போகிறது, நடுவில் எத்தனையோ ரவுட்டர்கள். அதனால் டொரன்டோவிலிருந்து மும்பைக்குப் பிங், அதாவது ஒரு செய்தி போய்த் திரும்பி வர ஆகும் நேரம், 200 மில்லி விநாடியைத் தாண்டுவது சாதாரணம். இப்போது மனிதர்களைப் பாருங்கள். திரையில் ஒன்று தோன்றியதும் விரலை அசைக்க, நல்ல நிலையில் இருக்கும் ஒருவருக்கு 200 முதல் 250 மில்லி விநாடி ஆகும். வேகமானவருக்கும் சுமாரானவருக்கும் இடையே வித்தியாசம் பெரும்பாலும் சில பத்து மில்லி விநாடிகள்தான். உங்கள் சர்வர் இப்போது செய்வது என்ன? மாம்பழம் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்புகிறது, யாருடைய பதில் முதலில் வந்து சேருகிறதோ அவருக்குப் புள்ளி கொடுக்கிறது. செய்தி போக ஆகும் நேரம், பதில் திரும்பி வர ஆகும் நேரம் இரண்டும் டொரன்டோக்காரர் கணக்கில் விழுகின்றன. கை வேகத்தில் இருக்கும் முப்பது, நாற்பது மில்லி விநாடி வித்தியாசம் அந்த இருநூறுக்குள் முழுகிப் போகிறது. அவர்களுடைய புகார் முழுக்க நியாயமானது. சுற்றுக்குப் பத்துப் புள்ளி கொடுத்தாலும் இருபது சுற்றை இருநூறு ஆக்கினாலும் இது மாறாது.

இதே சிக்கல் ஓட்டப்பந்தயத்தில் இன்டர்நெட் வருவதற்கு வெகு காலம் முன்பே இருந்தது. தடகளத்தில் ஒரு ஓடுபாதையின் அகலம் 1.22 மீட்டர். முதல் பாதையின் ஓரத்தில் நின்று துப்பாக்கி வெடித்தால் எட்டாவது பாதையில் இருப்பவர் எட்டரை மீட்டர் தள்ளி இருக்கிறார். ஒலி விநாடிக்கு சுமார் 340 மீட்டர் போகிறது. அவர் காதுக்கு அந்த ஓசை 25 மில்லி விநாடி தாமதமாகப் போய்ச் சேரும். 100 மீட்டர் ஓட்டத்தில் அது பெரிய தொகை. இதற்கு அவர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடிக்கும். கடைசிப் பாதைக்காரருக்கு முடிவில் 25 மில்லி விநாடி கழித்துக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு ஓட்டக்காரருக்கும் பின்னால் ஒரு ஒலிபெருக்கியை வைத்தார்கள். ஓசை எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் விழுகிறது, அப்புறம் ஓட்டம் அவரவர் காலில்.

நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். "இப்போது காட்டு" என்று செய்தி அனுப்பாதீர்கள். "இன்னும் சிறிது நேரத்தில், சர்வர் கடிகாரத்தில் சரியாக இந்த நொடியில் காட்டு" என்று ஒரு விநாடி முன்னாலேயே அனுப்பி வையுங்கள். டொரன்டோ போனில் அந்தச் செய்தி தாமதமாக வந்தாலும் குறித்த நேரத்துக்கு முன் வந்துவிடும். போனின் கடிகாரத்தையும் சர்வர் கடிகாரத்தையும் ஒத்துவைக்க, ஆட்டம் தொடங்கும் முன் பத்துப் பதினைந்து முறை பிங் அனுப்பி, அதில் குறைவான நேரம் எடுத்த சிலவற்றை மட்டும் வைத்துக் கணக்கிடுங்கள். நீண்ட நேரம் எடுத்தவை வைஃபை நெரிசலில் மாட்டியவை, அவற்றைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் கணக்கு கெட்டுவிடும். இங்கே ஒரு சந்தேகமான இடம் உண்டு. போகும் நேரமும் வரும் நேரமும் சமம் என்று வைத்துக்கொண்டு பிங்கைப் பாதியாக வகுக்கிறோம். எப்போதும் அப்படி இருப்பதில்லை, போகும் வழியும் வரும் வழியும் வேறாக இருக்கலாம். அதைப் போனிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை.

நல்ல வேளையாக உங்கள் ஆட்டத்தில் அது பெரிய கேடு செய்யாது. காரணம், யார் முதலில் என்பதை நீங்கள் பொதுக் கடிகாரத்தில் பார்க்க வேண்டியதே இல்லை. மாம்பழம் அவர் திரையில் வந்த கணத்திலிருந்து அவர் தொட்ட கணம் வரை எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை அவருடைய போனே அளக்கட்டும். அந்த ஒரு எண்ணை மட்டும் சர்வருக்கு அனுப்பட்டும். எல்லோரும் அனுப்பி முடிக்கும் வரை, அல்லது ஒன்றரை விநாடி வரை, சர்வர் பொறுத்திருந்து எண்களை ஒப்பிட்டுப் புள்ளி கொடுக்கட்டும். பதில் எப்போது வந்து சேர்ந்தது என்பது வரிசையைத் தீர்மானிக்காது. போனில் நேரம் அளக்கும்போது மணி காட்டும் கடிகாரத்தைப் பயன்படுத்த வேண்டாம், அது நடுவில் தன்னைத் திருத்திக்கொண்டு முன்னும் பின்னும் குதிக்கும். பின்னோக்கிப் போகாத பெர்ஃபாமன்ஸ் டைமர் பிரவுசரிலேயே இருக்கிறது. 2018-ல் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறை வெளிவந்தபோது பிரவுசர்கள் இந்த டைமரின் நுணுக்கத்தை வேண்டுமென்றே குறைத்தன, ஆனால் நமக்குத் தேவையான அளவுக்கு அது போதும்.

சரி, போன் சொல்வதை நம்பினால் ஏமாற்ற மாட்டார்களா என்று கேட்பீர்கள். ஏமாற்றலாம். அதை முழுதாக அடைக்க வழியில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் பெரும்பாலான ஏமாற்றை இரண்டு வேலிகள் போட்டுத் தடுக்கலாம். முதல் வேலி, மனிதனால் முடியாத வேகம். தடகளத்தில் துப்பாக்கி வெடித்து 0.100 விநாடிக்குள் காலை அசைத்தால் தவறான தொடக்கம். 2022-ல் அமெரிக்காவின் யூஜீன் நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியில், 110 மீட்டர் தடை ஓட்ட இறுதிப் போட்டியில் டெவன் ஆலன் 0.099 விநாடியில் அசைந்தார் என்று வெளியேற்றப்பட்டார். ஆயிரத்தில் ஒரு விநாடிக்காக ஒருவரை வெளியே அனுப்பியது சரியா என்பதில் எனக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை. மனித வேகத்தின் எல்லை அப்படிக் கோடு கிழித்தாற்போல் இருப்பதில்லை. அதனால் நீங்கள் 100 மில்லி விநாடிக்குக் குறைவாக வருவதை அந்தச் சுற்றுக்கு மட்டும் செல்லாததாக்குங்கள், ஆளை வெளியேற்ற வேண்டாம். குருட்டாம்போக்கில் தட்டிக்கொண்டே இருப்பவர்களும் இதில் மாட்டிக்கொள்வார்கள். மாம்பழம் வரும் இடைவெளியை ஒரே சீராக வைக்காமல் ஒன்றுக்கும் மூன்று விநாடிக்கும் நடுவே மாற்றிக்கொண்டே இருந்தால் முன்கூட்டி ஊகிக்கவும் முடியாது.

இரண்டாவது வேலி, சர்வரின் சொந்தக் கணக்கு. ஓர் உதாரணம் சொல்கிறேன். டொரன்டோவில் இருக்கும் உங்கள் அத்தையின் பிங் 220 என்று வைத்துக்கொள்வோம். மாம்பழம் காட்டச் சொன்ன நேரத்திலிருந்து 400 மில்லி விநாடி கழித்து அவருடைய பதில் சர்வருக்கு வருகிறது. பிங்கில் பாதி 110-ஐக் கழித்தால் மீதி 290. அவர் போன் சொன்ன எண் 285. பொருந்துகிறது. இதே போன் 150 என்று சொல்லியிருந்தால் 140 மில்லி விநாடிக்குக் கணக்கில்லை. ஒருமுறை நடந்தால் விட்டுவிடுங்கள், வைஃபை இடறியிருக்கும். ஒரே ஆளுக்கு, அதுவும் அவர் ஜெயிக்கும் சுற்றுகளில் மட்டும், திரும்பத் திரும்ப நடந்தால் கவனியுங்கள். தன் பிங்கை வேண்டுமென்றே கூட்டிக் காட்டி இந்தக் கழிவைப் பெரிதாக்கிக்கொள்ளும் தந்திரமும் உண்டு, அதனால் கழிவுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். பிங் 300 வரை முழுக் கழிவு, அதற்கு மேல் எவ்வளவு போனாலும் 300-க்கு உரிய கழிவுதான். நிஜமாகவே மோசமான இணைப்பு இருப்பவர்கள் சிலர் இதில் அடிபடுவார்கள், அது இந்த வேலிக்கு நாம் கொடுக்கும் விலை. பழம் எங்கே வரப்போகிறது என்பதை முன்னாலேயே அனுப்புவதால் பிரவுசருக்கு வந்துபோகும் தகவலைக் காட்டும் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் அதைப் படித்துவிடலாம் என்பதும் உண்மை. அத்தை, மாமா, பேரப்பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தில் இந்த ஆபத்தை நான் ஏற்றுக்கொள்வேன். நாளைக்குப் பரிசு, பணம் என்று ஏதாவது சேர்த்தால் இந்த அமைப்பை வைத்துக்கொண்டு சேர்க்காதீர்கள்.

சர்வரை வேறு இடத்துக்கு மாற்றலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். மாற்றினால் தூரத்தின் சுமை ஆள் மாறி விழும், அவ்வளவுதான். மேலே சொன்னதைச் செய்துவிட்டால் சர்வர் எங்கே இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

அடுத்தது கருவி. இதில்தான் என்னிடம் முழுப் பதில் இல்லை, யாரிடமும் இருக்க முடியாது. விநாடிக்கு 60 முறை படம் மாறும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு படம், 16.7 மில்லி விநாடி, 120 ஹெர்ட்ஸ் திரையில் 8.3. விரல் கண்ணாடியைத் தொட்டதற்கும் அந்தத் தகவல் பிரவுசருக்கு வருவதற்கும் இடையே ஒரு தாமதம் இருக்கிறது, அது போனுக்குப் போன் மாறும். அதை உங்கள் கோடால் பார்க்க முடியாது, கோடுக்குத் தகவல் வருவதே அந்தத் தாமதத்துக்குப் பிறகுதான். வெளியிலிருந்து பார்க்கலாம். வீட்டில் இருக்கும் இரண்டு மூன்று போன்களில் தொட்டவுடன் திரை முழுவதும் வெள்ளையாகும் ஒரு பக்கத்தைத் திறந்து, இன்னொரு போனில் விநாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் படம் பிடியுங்கள். நகம் கண்ணாடியில் படும் ஃபிரேமுக்கும் திரை வெளுக்கும் ஃபிரேமுக்கும் இடையே எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். ஒரு ஃபிரேம் சுமார் 4 மில்லி விநாடி. ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு போன்களுக்கு நடுவே பத்து ஃபிரேம் வித்தியாசம் வருவதை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டால் எந்த அளவுக்கு நுணுக்கமாக ஜெயிப்பவரைத் தீர்மானிக்கலாம் என்பது உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

கருவியில் நீங்கள் சரிசெய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, விரல் போக வேண்டிய தூரம். ஒரு குறியைத் தொட ஆகும் நேரம் அது எவ்வளவு தள்ளி இருக்கிறது, எவ்வளவு சிறியது என்பதைப் பொறுத்தது என்று பால் ஃபிட்ஸ் 1954-ல் ஒரு சூத்திரமாகவே எழுதினார், இன்றுவரை அது நிற்கிறது. போனை ஒரு கையில் பிடித்துக் கட்டைவிரலால் ஆடும் வலது கைக்காரருக்குக் கீழ் வலது மூலை மடியில் இருப்பது போல. மேல் இடது மூலைக்கு அவர் போனையே நகர்த்த வேண்டும். லேப்டாப்பில் மவுஸ் வைத்திருப்பவருக்குக் கணக்கே வேறு. அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் முன் எல்லோரும் திரையின் நடுவில் இருக்கும் ஒரு வட்டத்தில் விரலை வைத்தால்தான் சுற்று தொடங்கும் என்று விதி வையுங்கள். மாம்பழம் எப்போதும் அந்த நடுவிலிருந்து ஒரே தூரத்தில், வெவ்வேறு திசையில் வரட்டும். திசைகளும் 20 சுற்றில் சம எண்ணிக்கையில் வரட்டும். இந்த ஒரு மாற்றம், பிங்குக்குச் செய்யும் எல்லாவற்றையும்விட எளிது, பலன் உடனே தெரியும். மவுஸ்காரர்களையும் விரல்காரர்களையும் ஒரே பட்டியலில் வைப்பது எனக்குச் சம்மதமில்லை, முடிந்தால் அறையைப் பிரித்துவிடுங்கள்.

நெருங்கிய முடிவுகளைச் சமம் என்று அறிவிக்கத் தயங்காதீர்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தனிநபர் மெட்லி நீச்சலில் ஸ்வீடனின் குன்னர் லார்சன் அமெரிக்காவின் டிம் மெக்கீயை 0.002 விநாடியில் வென்றார். அந்த நேரத்தில் ஒரு நீச்சல் வீரர் கடக்கும் தூரம் சுமார் மூன்று மில்லிமீட்டர். ஒரு நீச்சல்குளத்தின் எட்டுத் தடங்களையும் அவ்வளவு துல்லியமாக ஒரே நீளத்தில் கட்ட முடியாது. மெக்கீயின் தடமே மூன்று மில்லிமீட்டர் நீளமாக இருந்திருக்கலாம். அதன் பிறகு நூறில் ஒரு பங்கு விநாடி வரை மட்டும் பார்ப்பது, அதிலும் ஒன்றாக இருந்தால் சமம் என்று விதியை மாற்றினார்கள். அதனால்தான் 2016 ரியோவில் 100 மீட்டர் பட்டர்ஃப்ளை போட்டியில் மைக்கேல் ஃபெல்ப்ஸ், சாட் லெ க்ளோஸ், லாஸ்லோ செஹ் மூவரும் 51.14 விநாடியில் வந்து, மூவர் கழுத்திலும் வெள்ளிப் பதக்கம் விழுந்தது. உங்கள் அளவுகோலில் ஒரு ஃபிரேம், அதற்கு மேல் கடிகாரப் பிசகு கொஞ்சம் என்று சேர்த்தால் 20 மில்லி விநாடிக்குக் குறைவான வித்தியாசத்துக்கு அர்த்தமில்லை. அதற்குள் வந்த எல்லோருக்கும் புள்ளி கொடுங்கள். குழந்தைகளுக்கு அந்தச் சமம் ரொம்பப் பிடிக்கும், இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

இப்போது பலர் கவனிக்காமல் விடும் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், நால்வர் ஆடும் ஆட்டம் ஒன்றில் அறையை உருவாக்கியவரே அதிகம் ஜெயிப்பதாகப் புகார் வந்தது. அறையை உருவாக்குபவர்கள் நிறைய ஆடிப் பழகியவர்களாக இருப்பார்கள் என்று நாங்களே காரணம் சொல்லி மாதக்கணக்கில் ஒதுக்கினோம். கடைசியில் ஒருநாள் சர்வர் நடந்ததையெல்லாம் எழுதிவைக்கும் லாகைத் திறந்து சுற்றுச் சுற்றாகப் பார்த்தோம். சர்வர் 50 மில்லி விநாடிக்கு ஒருமுறை விழித்து, வந்திருக்கும் பதில்களைப் பார்க்கும். பார்க்கும்போது ஆட்டக்காரர் பட்டியலின் தலையிலிருந்து தொடங்கும். அந்த 50 மில்லி விநாடிக்குள் இரண்டு பேர் பதில் வந்திருந்தால், உண்மையில் யார் முந்தினார் என்பது பார்க்கப்படவே இல்லை, பட்டியலில் மேலே இருப்பவருக்குப் போய்விட்டது. பட்டியலின் முதல் பெயர் எப்போதும் அறையை உருவாக்கியவர். கோடு எழுதிய யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, பட்டியலை ஒவ்வொருவராகச் சுற்றிவரும் ஒரு சாதாரண ஃபார் லூப்தான் அது. ஆனால் புகார் சொன்னவர்களிடம் நாங்கள் "உங்கள் கை வேகம் போதாது" என்ற தொனியில் பதில் எழுதியிருந்தோம். அந்தப் பதில்கள் இப்போதும் எனக்கு உறுத்துகின்றன. உங்கள் கோடில் ஆட்டக்காரர்களை வரிசையாகச் சுற்றிவரும் ஒவ்வொரு இடத்தையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

தங்கப் பழத்துக்கு வருகிறேன். இந்தப் புகார் முதல் புகாரைப் போல அல்ல. உங்கள் கோடில் தவறே இல்லாவிட்டாலும் இது வரும். எட்டுப் பேரில் ஒருவருக்கு என்றால் ஒரு சுற்றில் எனக்கு வராமல் இருக்க எட்டில் ஏழு வாய்ப்பு. இருபது சுற்றும் வராமல் இருக்க அந்த ஏழின்கீழ் எட்டை இருபது முறை பெருக்க வேண்டும், ஏறத்தாழ 0.07. நூற்றில் ஏழு. தாயம் ஆடியவர்களுக்கு இந்த எண் உடம்பிலேயே தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை என்று நான்கு முகம் உள்ள பித்தளைத் தாயக்கட்டை இரண்டை உருட்டினால் வரக்கூடிய 16 விதங்களில் இரண்டில்தான் தாயம் விழும், எட்டில் ஒன்று. இருபது முறை உருட்டியும் தாயம் விழாமல் காயை வெளியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் இதே நூற்றில் ஏழுதான். இப்போது ஒரு ஆளை விட்டுவிட்டு அறை முழுவதையும் பாருங்கள். எட்டுப் பேரில் யாராவது ஒருவருக்காவது இருபது சுற்றிலும் தங்கப் பழம் ஒருமுறைகூட வராமல் போக வாய்ப்பு சுமார் 47 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டு ஆட்டத்துக்கு ஒன்றில் ஒருவர் வெறுங்கையோடு போவார். அவரிடம் போய் நிகழ்தகவு விளக்கி என்ன பயன்? அவர் வாரத்தில் ஆடும் ஒரே ஆட்டம் அது.

ஆகவே சுற்றுக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்குவதை விடுங்கள். எட்டுப் பேர் பெயரையும் ஒரு பையில் போட்டுக் கலக்கி, ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள், பை காலியானதும் மறுபடி போட்டுக் கலக்குங்கள். இன்றைய டெட்ரிஸ் ஆட்டங்களில் ஏழு வடிவங்களும் இப்படித்தான் வருகின்றன. அதனால்தான் ஒரே வடிவம் நெடுநேரம் வராமல் போவதில்லை. ஆனால் உங்கள் 20 சுற்று எட்டால் வகுபடாது, நான்கு பேருக்கு ஒன்று கூடுதலாகப் போகும். 16 ஆக்குங்கள், அல்லது 24. பையின் கடைசிப் பெயர் யாருடையது என்று கவனமாக எண்ணுபவருக்குத் தெரிந்துவிடும் என்ற குறை உண்டு, இந்த ஆட்டத்தில் அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

பையைக் கலக்கும் விதத்தில் ஒரு எச்சரிக்கை. கடைசியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு இடத்தையும் அதுவும் அதற்கு முன்னால் இருப்பவையும் அடங்கிய கூட்டத்தில் ஒன்றோடு மாற்றுவதுதான் ஃபிஷர், யேட்ஸ் பெயரால் வழங்கும் சரியான முறை. பலர் ஒவ்வொரு இடத்தையும் மொத்தப் பட்டியலில் ஏதோ ஒன்றோடு மாற்றி எழுதிவிடுகிறார்கள். பார்க்க இன்னும் நன்றாகக் கலந்தது போல இருக்கும். மூன்று பெயரை வைத்துச் சோதியுங்கள். அந்த முறையில் மூன்றை மூன்று முறை பெருக்கி 27 வழிகள், ஆனால் மூன்று பெயரை அடுக்கக்கூடிய வரிசைகள் ஆறுதான். 27 ஆறால் வகுபடாது. சில வரிசைகள் அதிகம் வந்தே தீரும். 1999-ல் ஓர் ஆன்லைன் போக்கர் மென்பொருள் நிறுவனம், எங்கள் சீட்டுக் கலக்கல் எவ்வளவு நேர்மையானது பாருங்கள் என்று தன் புரோகிராம் கோடையே வெளியிட்டது. அதில் இந்தத் தவறு இருந்தது. அதைவிட மோசம், கலக்கலின் தொடக்க எண்ணை நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்பதிலிருந்து எடுத்தார்கள். ஒரு நாளில் 8 கோடியே 64 லட்சம் மில்லி விநாடிதான். சர்வரின் நேரத்தை ஓரளவு ஊகித்த ஆய்வாளர்கள், மேசையில் தெரியும் சில சீட்டுகளை வைத்தே எல்லோர் கையிலும் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். உங்களுக்கு அவ்வளவு ஆபத்தில்லை, ஆனால் ரேண்டம் எண்ணைப் போனில் எடுக்காமல் சர்வரில் எடுங்கள், யாரும் ஊகிக்க முடியாத எண் தரும் கிரிப்டோ ரேண்டம் அங்கே கிடைக்கும், அதையே பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, பின்தங்கியவருக்குத் தங்கப் பழத்தை அதிகம் கொடுத்துச் சமன் செய்யலாமா என்று உங்கள் நண்பர் யோசிப்பதாக எழுதியிருந்தீர்கள். கார் பந்தய விளையாட்டுகளில் இது வழக்கம், கடைசியில் வருபவருக்கு வலுவான ஆயுதம் கிடைக்கும். அதில் தவறில்லை, ஆனால் வெளிப்படையாகச் சொல்லிச் செய்ய வேண்டும். சொல்லாமல் செய்தால் கண்டுபிடிப்பார்கள், கண்டுபிடித்த பிறகு நீங்கள் நேர்மையாகச் செய்த மற்றவற்றையும் நம்ப மாட்டார்கள். திறமைக்கேற்ப ஆள் சேர்க்கும் ரேட்டிங் முறைகள் உங்கள் அளவுக்குத் தேவையில்லை, ஒரே குடும்பத்தில் யாரை யாரோடு பிரிப்பீர்கள்?

எல்லாம் செய்த பிறகு நியாயம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? ஒரு சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எட்டுப் பேரும் அச்சு அசலாக ஒரே திறமை என்றாலும், ஒருவர் 20 சுற்றில் ஒன்றுகூட ஜெயிக்காமல் போக வாய்ப்பு அதே நூற்றில் ஏழு. 100 சுற்று ஆடினால் ஒருவருக்குச் சராசரியாகப் பன்னிரண்டரை வர வேண்டும், ஆனால் ஆறும் வரலாம், பத்தொன்பதும் வரலாம், இரண்டும் இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள்தான். மனிதர்களை வைத்து இதை உறுதி செய்ய மாதக்கணக்கில் ஆகும். மனிதருக்குப் பதிலாகத் தானே ஆடும் சின்ன புரோகிராம்களை, அதாவது பாட்களை, வையுங்கள். ஒரே மாதிரி கை வேகம் உள்ள எட்டு பாட், 200 முதல் 300 மில்லி விநாடிக்குள் ஏதோ ஒரு நேரத்தில் தொடும்படி. அவற்றில் இரண்டுக்கு லினக்ஸின் நெட்எம் கருவியால் செயற்கையாக 220 மில்லி விநாடி தாமதம் கூட்டுங்கள், ஒன்றுக்கு வைஃபை போல ஏறி இறங்கும் தாமதம். இரவு முழுக்க 10,000 சுற்று ஓட விடுங்கள். எட்டும் ஆளுக்கு 1,250-ஐ ஒட்டி ஜெயிக்க வேண்டும். 1,150-க்கும் 1,350-க்கும் உள்ளே இருந்தால் சரி, வெளியே போனால் எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது. இந்தச் சோதனைக்கு மட்டும் சமம் என்ற விதியை நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் கூட்டுத்தொகை குழம்பும். இப்போது இருக்கும் கோடிலேயே, எதையும் மாற்றுவதற்கு முன், ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தாமதம் கூட்டிய அந்த இரண்டு பாட்களும் எத்தனை சுற்று ஜெயித்தன என்று உங்கள் டொரன்டோ அத்தையிடம் சொல்லுங்கள். இத்தனை வாரமாக அவர் சொல்லிக்கொண்டிருந்தது சரிதான் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

வேலை வரிசை கேட்டால், முதல் வாரம் பாட் சோதனை, நடு வட்டம், தங்கப் பழப் பை. இரண்டாவது வாரம் முன்கூட்டி அனுப்புவதும் போனில் அளப்பதும். வேலிகளை அதற்குப் பிறகு போடலாம். சோதனை எண்கள் வந்ததும் இங்கேயே எழுதுங்கள். எட்டு பாட்களின் வெற்றி எண்ணிக்கையோடு அவை அறையில் சேர்ந்த வரிசையையும் சேர்த்துப் போடுங்கள், நான் முதலில் பார்க்கப்போவது அந்த வரிசையைத்தான்.